ஆடு மேய்ந்த நாற்றங்கால்

தக்காளி நாற்றை நட்டுவிட்டு வந்து கையைக் கழுவினேன். சோப்புப் போட்டும் வாசனை போகவில்லை. பச்சையும் கசப்பும் கலந்த அந்த வாசனை நகத்தடியிலும் சேலைத் தலைப்பிலும் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. காப்பி டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனால் காப்பிக்கு முன்னால் அதுதான் மூக்கில் ஏறுகிறது. நாம் சேர்ந்து வாழ்ந்த காலமெல்லாம் இது உங்கள் கையின் வாசனை. இன்றைக்கு என் கையிலிருந்து வந்தபோது, நீங்கள் எனக்குப் பின்னால் வந்து நிற்கிறீர்கள் என்று நினைத்து ஒரு கணம் தோள் இரண்டும் சுருங்கிக்கொண்டன. நீங்கள் போன பிறகு வருகிற மூன்றாவது புரட்டாசி இது. என் தோளுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

ஆலயத்துச் சபையில் உங்களைப் பற்றி இன்னமும் நல்லபடியாகத்தான் பேசுகிறார்கள். அண்ணாச்சி மாதிரித் தோட்டம் போட ஆள் உண்டா என்கிறார்கள். நான் மறுப்பதில்லை. மறுக்க வேண்டியதை உங்களிடமே பேசிக்கொள்ளலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

முதல் மழை பெய்து மூன்று வாரம் ஆகிறது. பங்குனியிலிருந்து பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த கரிசல் ஒரே மழையில் வாயை மூடிக்கொண்டது. மறுநாள் செருப்போடு இறங்கினேன். நாலு எட்டு வைப்பதற்குள் ஒவ்வொரு செருப்பும் ஒரு செங்கல் கனம் ஆகிவிட்டது. கழற்றி வேலியோரம் வீசிவிட்டு வெறுங்காலோடு நடந்தேன். வீட்டுப் பின்வாசலிலிருந்து கிழக்கே முள்வேலி வரைக்கும் மொத்த இடத்தையும் இந்த வருடம் எடுத்திருக்கிறேன். தென்மேற்கு மூலையை நீங்கள் எப்போதும் சும்மா போட்டு வைப்பீர்கள். அங்கே இப்போது சின்ன வெங்காயம் ஊன்றியிருக்கிறேன். பாத்தியெல்லாம் மேட்டுப்பாத்தி. உங்களுக்குச் சமப்பாத்திதான் பிடிக்கும். ஐப்பசி அடைமழையில் தண்ணீர் தேங்கி வேர் அழுகுவதை வருடா வருடம் பார்த்தும் நீங்கள் மாற்றவில்லை.

வெண்டை முளைத்து வித்திலைக்கு மேல் முதல் இலை விரித்துவிட்டது. கத்தரி வேர் பிடித்துவிட்டது. உச்சி வெயிலிலும் இப்போது தலையைத் தொங்கப்போடுவதில்லை. சீனியவரையில் இரண்டு வரிசை தேறவில்லை. விதையைக் கிளறிப் பார்த்தால் கொழகொழவென்று அழுகிக் கிடந்தது. மறுபடி ஊன்றியிருக்கிறேன். பூசணியில் சிவப்பு வண்டு விழுந்திருக்கிறது. விடியற்காலைப் பனி ஈரத்தில் அடுப்புச் சாம்பலைத் தூவிவிடுகிறேன். மிளகாய் இன்னும் நாற்றங்காலில்தான், விரல் உயரம்கூட வரவில்லை. இதற்கு நடுவில் மயில் வேறு. காலையில் கூட்டமாக வந்து முளையை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு, வேலை முடிந்தவர்கள்போல நடந்து போகின்றன. பழைய சேலைகளைக் கிழித்துக் கயிற்றில் கட்டி விட்டிருக்கிறேன். இரண்டு நாள் பயந்தன. இப்போது சேலைக்கு அடியிலேயே நிற்கின்றன.

இந்த மண்ணில் கால் வைக்க எனக்கு ஒரு காலத்தில் உங்கள் உத்தரவு வேண்டியிருந்தது. யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள். தோட்டக்காரன் மனைவிக்குக் காய்கறிக்கு என்ன குறை என்பார்கள். அடுப்பில் எண்ணெய் காய்ந்து கடுகு வெடித்துக்கொண்டிருக்கும். நான் பின்வாசல்படியில் வந்து நின்று, "ஒரு கொத்துக் கறிவேப்பிலை எடுத்துக்கிடட்டா?" என்று கேட்பேன். நீங்கள் குனிந்து களை பிடுங்கிக்கொண்டிருப்பீர்கள். கேட்டது காதில் விழுந்ததென்று உங்கள் முதுகு சொல்லும். ஆனால் நிமிர மாட்டீர்கள். உள்ளே கடுகு கருகும் வாசனை வாசல் வரைக்கும் வந்த பிறகு, மெதுவாகத் திரும்பி, "இன்னைக்கு வேண்டாம்" என்பீர்கள். கறிவேப்பிலை மரமோ கூரைக்கு மேல் வளர்ந்து நிற்கும்.

நான் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்தவள். அங்கே மூட்டை மூட்டையாகக் காய் என் கைவசம் இருக்கும். எதை எவ்வளவு போடுவதென்று நான்தான் முடிவு செய்வேன். நூறு பிள்ளைகளுக்குச் சாம்பார் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து, ஒரு பச்சை மிளகாய்க்காக வாசற்படியில் நிற்பேன். கேட்காமல் பறித்தால் உங்களுக்குத் தெரிந்துவிடும். காம்பு கிள்ளிய இடத்தைப் பார்த்தே சொல்லிவிடுவீர்கள். "எவளைக் கேட்டுப் பறிச்ச?" நம் வீட்டில் அதிகம் கேட்ட வாக்கியம் அதுதான்.

வெளியே கொடுப்பதில் உங்களுக்கு மனம் சுருங்கியதே இல்லை. தீப்பெட்டி ஆபீஸில் உங்களுக்குக் கீழே வேலை பார்த்த பெண்களுக்கு வெண்டையும் கத்தரியும் பை பையாகப் போகும். அறுப்பின் பண்டிகைக்கு நம் வீட்டுப் பூசணிதான் ஆலயத்தில் முன்வரிசையில் இருக்கும். ஏலம் விடும்போது உங்கள் பேரைச் சொல்வார்கள். நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு பணிவாகச் சிரிப்பீர்கள். வீட்டுக்கு வருவது பூச்சி துளைத்ததும், முற்றி நார் பாய்ந்ததும். நான் அதை வெட்டிப் பூச்சியை எடுத்துப் போட்டுவிட்டுச் சமைப்பேன். தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, "காய் நல்லாத்தான இருக்கு, ஒனக்கு வேக வச்சு எடுக்கத் தெரியல" என்பீர்கள்.

இதையெல்லாம் நான் தாங்கிக்கொண்டேன். தாங்கியது பெருமை இல்லை. வேறு வழி தெரியவில்லை. எஸ்தர் விஷயத்தில்தான் எனக்குள் ஏதோ அறுந்தது.

நம் ஒரே மகள். தலைப்பிரசவத்துக்கு வளைகாப்பு முடிந்து தூத்துக்குடியிலிருந்து அழைத்து வந்திருந்தோம். கால் வீங்கி, வாய்க்கு ஒன்றும் பிடிக்காமல் இருந்தாள். ஒரு காலையில் தோட்டத்தில் நடந்தவள் வெள்ளரிப் பிஞ்சு ஒன்றைப் பறித்து, சேலையில் துடைத்து, கடித்துக்கொண்டே வந்தாள். விதைக்கென்று நீங்கள் துணி கட்டி அடையாளம் வைத்திருந்த கொடி அது. அவளுக்குத் தெரியாது. நீங்கள் ஹோஸைக் கீழே போட்டுவிட்டு அவள் முன்னால் வந்து நின்றீர்கள்.

"எவளைக் கேட்டுப் பறிச்ச?"

அவள் சிரித்தாள். "வாய்க்குக் கேட்டுச்சுப்பா. ஒரு பிஞ்சுதான."

"விதைக்கு விட்டதத் தின்ன வயிறு வெளங்குமாட்டி? வெளங்காது."

அவள் கை தானாக வயிற்றுக்குப் போனதை நீங்கள் பார்த்தீர்கள். பார்த்த பிறகும் அந்த வார்த்தையைத் திரும்ப எடுக்கவில்லை. ஹோஸை எடுத்து விட்ட இடத்திலிருந்து தண்ணீர் பாய்ச்ச ஆரம்பித்தீர்கள். எஸ்தர் உள்ளே போய்ப் பையைக் கட்டினாள். நான் பின்னாலேயே ஓடினேன். பேருந்து நிலையத்தில் அவள் அழவில்லை. "நீ எப்ப வேணும்னாலும் வாம்மா. நான் இனி இங்கன வரமாட்டேன்" என்றாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு தூத்துக்குடி வண்டியில் ஏறினாள். நான் வீட்டுக்குத் திரும்பி வந்தபோது நீங்கள், "மதியத்துக்கு என்ன?" என்று கேட்டீர்கள்.

பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. பெண் குழந்தை. நீங்கள் போகவில்லை. ஞானஸ்நானத்துக்கு நான் மட்டும் புறப்பட்டபோது ஒரு சாக்கு நிறையக் காய்கறி கட்டி என்னிடம் கொடுத்தீர்கள். எல்லாம் முதல் தரம், ஒரு சொத்தை கிடையாது. எஸ்தர் சாக்கை அவிழ்த்துப் பார்க்கக்கூட இல்லை. தெருவில் நின்ற மாட்டுக்கு முன்னால் கொட்டச் சொன்னாள். நான் கொட்டினேன். உங்களிடம் சொன்னேன். அன்றைக்கு மட்டும் இருட்டும் வரைக்கும் தோட்டத்திலிருந்து உள்ளே வராமல் இருந்தீர்கள்.

அதன் பிறகு சில வருடம் கழித்து ஒரு சித்திரைக் காலையில், பீர்க்கம்பந்தலுக்குக் கீழே நீங்கள் விழுந்து கிடந்தீர்கள். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோனோம். வலது கையும் காலும் போயின. பேச்சு குழறலாகத் திரும்பி வந்தது. டாக்டர், உயிர் பிழைத்ததே பெரிது என்றார். வீட்டுக்கு வந்ததும் நீங்கள் முதலில் கேட்டது கட்டிலைப் பின்னறை ஜன்னலோரம் போடச் சொல்லித்தான். அங்கிருந்து தோட்டம் முழுவதும் தெரியும். போட்டேன்.

ஆவணி வந்தது. மண் சும்மா கிடந்தது. ஒரு நாள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நான் இறங்கினேன். உங்களிடம் கேட்கவில்லை. ஜன்னலிலிருந்து நீங்கள் சிரித்தது கேட்டது.

"என்னத்தப் போட்டாலும் முளைக்காது. ஒன் கையி சோத்துப் பானைக் கையி."

முளைத்தது. முதலில் வெண்டை, பிறகு சீனியவரை, பிறகு நாற்றங்காலில் கத்தரியும் மிளகாயும் பச்சைப் பாய் விரித்த மாதிரி. நீங்கள் சிரிப்பதை நிறுத்தினீர்கள். காலையில் நான் உங்களைத் துடைத்து, துணி மாற்றி, இட்லி ஊட்டிவிட்டு இறங்குவேன். நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். ஒரு நாள் நாற்றங்காலில் அங்கங்கே தண்டு கருகிச் சாய ஆரம்பித்தது. என்ன செய்வதென்று தெரியாமல் நின்றபோது, "தண்ணி கூடுது. ரெண்டு நாளைக்கு விடாத" என்று ஜன்னலிலிருந்து குரல் வந்தது. விடவில்லை. கருகல் நின்றுவிட்டது. அன்று மதியம் சோறு ஊட்டும்போது உங்கள் முகத்தைப் பார்த்தேன். இனிமேல் இப்படியே போய்விடலாமோ என்று தோன்றியது. நீங்கள் ஜன்னலிலிருந்து சொல்ல, நான் மண்ணில் செய்ய, மிச்சக் காலம் கழிந்துவிடுமோ என்று. அத்தனை வருடம் உங்களோடு இருந்தும் அப்படி நினைத்த மூளை என் மூளை.

கத்தரி நாற்றைப் பாத்திக்கு மாற்றி வேர் பிடித்த சமயம், போதகரின் மனைவி உங்களுக்காக ஜெபிக்க வந்தார்கள். ஜெபம் முடிந்து கண்ணைத் திறந்தவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, தப்பா நெனச்சிக்கிடாதீங்க. நீங்க போட்டதவிட அக்கா போட்டது நல்லாத் தெளிவா இருக்கு" என்றார்கள். நல்ல மனதோடு சொன்ன வார்த்தை. நீங்கள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டீர்கள். அசதி என்று அவர்கள் நினைத்தார்கள்.

அடுத்த ஞாயிறு நான் ஆலயத்துக்குப் போய்விட்டு வந்தேன். வழியில் ஆட்டுக்கறி வாங்கிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை கறி இல்லாவிட்டால் நீங்கள் சாப்பிட மாட்டீர்கள். வீட்டுக்குப் பக்கத்தில் வரும்போதே ஆட்டு வாடை. தோட்டத்து வேலிப்படல் திறந்து கிடந்தது. உள்ளே ஆடுகள். கூட்டம் மொத்தமும். ஒரு கிடா பாத்தியின் மேட்டில் முன்னங்காலைத் தூக்கி வைத்துக்கொண்டு மிளகாய் நாற்றைக் கொறித்துக் கொறித்துத் தின்றது. குட்டிகள் வெண்டை வரிசையில் துள்ளின. இலையைக் கிழிக்கும் சத்தம் தவிர வேறு சத்தமே இல்லை. பேச்சி கம்பை ஊன்றிக்கொண்டு நடுவில் நின்றாள். தினமும் நம் வீட்டு முன்சாலை வழியாக வந்து வேலியோரமாக ஆடு பத்திக்கொண்டு போகிறவள். என்னைப் பார்த்ததும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள்.

"வாங்கக்கா. அண்ணாச்சிதான் ஜன்னல்ல இருந்து கூப்பிட்டு உள்ள விடச் சொன்னாவ. இனிமே தோட்டம் போடல, ஆடாவது திங்கட்டும்னாவ."

நான் மிளகாய் நாற்றங்காலையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் சிரிப்பு மெல்ல வடிந்தது.

"ஒங்களுக்குத் தெரியாதாக்கா? ஐயோ. எம்பிள்ளையள் மேல சத்தியமா எனக்குத் தெரியாதுக்கா." கம்பை ஓங்கிக்கொண்டு ஆடுகளை அடித்து விரட்டினாள். விரட்டும்போது ஆடுகள் மிதித்ததில் மிச்சமும் போனது.

உள்ளே வந்தேன். வேதப் புத்தகமும் கறிப்பையும் கையில் இருந்தன. நீங்கள் தலையணையில் சாய்ந்து ஜன்னலைப் பார்த்தபடி இருந்தீர்கள். முதல் ஆடு நுழைந்ததிலிருந்து எல்லாவற்றையும் பார்த்திருக்கிறீர்கள்.

"எதுக்கு?" என்றேன்.

"என் தோட்டம்."

"நான் போட்ட நாத்து அது."

"என் மண்ணு. நான் ஆட்டுக்குக் குடுப்பேன், மாட்டுக்குக் குடுப்பேன். நீ யாரு கேக்க?" நாக்கு குழறினாலும் ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. பிறகு உங்கள் வாயின் நல்ல பக்கம் மட்டும் சிரித்தது. "அழு. எதுக்கு அழாம நிக்க?"

நான் அழவில்லை. கறியைக் கழுவிக் குழம்பு வைத்தேன். எலும்பு நீக்கி, சோற்றோடு பிசைந்து ஊட்டினேன். நீங்கள் ருசித்துத் தின்றீர்கள். வாயைத் துடைத்துவிட்டு, உங்கள் கட்டில் ஓரத்திலேயே நின்று, கயத்தாற்றிலிருக்கும் உங்கள் அக்காவுக்குப் போன் போட்டேன். என் தம்பியைப் போல ஒருத்தன் உண்டா, அவனுக்கு வாய்த்தவள் சரியில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவர்கள்.

"மதினி, ஒங்க தம்பிய வந்து கூட்டிட்டுப் போங்க."

"ஏன், ஒனக்கு என்ன வந்துச்சு?"

"எனக்கு ஒண்ணும் வரல. நான் போறேன்."

நீங்கள் என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். "எங்கன போவ? போக்கிடம் உண்டா ஒனக்கு?"

மறுநாள் மதினியின் மகன் வேன் கொண்டுவந்தான். உங்களைத் தூக்கி வைக்கும்போது நீங்கள் என்னிடம் கேட்டது, "மருந்து டப்பாவ எடுத்து வச்சியா?" என்றுதான். வைத்திருந்தேன். துணி, துண்டு, மாற்றுப் போர்வை எல்லாம் வைத்திருந்தேன். வேன் திரும்பி மறைந்ததும் வீட்டைப் பூட்டிவிட்டுத் தூத்துக்குடி வண்டி ஏறினேன். தோட்டத்துப் பக்கம் நான் போகவில்லை.

தெருவில் எனக்கு ஒரு பேர் விழுந்தது. நாத்துக்காவப் புருசன விட்டவ. இன்றைக்கும் கடையில் நான் நின்றால் சிலர் கண்ணால் பேசிக்கொள்வார்கள். அவர்கள் சொல்வதில் பொய் இல்லை. நாற்றுக்காகத்தான் விட்டேன். அடி, பேச்சு, சொத்தைக் காய் எதற்கும் போகாதவள், ஒரு சாண் நாற்றுக்காகப் போனேன்.

எஸ்தர் கதவைத் திறந்தாள். என் பையைப் பார்த்தாள். ஒரு கேள்வியும் கேட்காமல் வழிவிட்டாள். பேத்தி ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டாள். அந்த வீட்டில் கறிவேப்பிலை பிரிட்ஜில் ஒரு டப்பாவுக்குள் இருந்தது. முதல் நாள் தாளிக்கும்போது டப்பாவைத் திறந்து கையை வைத்துவிட்டு, யாராவது வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். எஸ்தர் அதைப் பார்த்துவிட்டாள். அன்றைக்குத்தான் அவள் அழுதாள்.

மதினி முதல் வாரம் போன் செய்து ஏசினார்கள். அடுத்த வாரம் கெஞ்சினார்கள். ஐப்பசி மழை வலுத்த சமயத்தில், "நீ வரலன்னா ரோட்டுல கொண்டு போய்ப் போட்டுருவேன்" என்றார்கள். எஸ்தர் போக வேண்டாம் என்றாள். பார்த்துவிட்டு மட்டும் வருகிறேன் என்று கயத்தாற்றுக்குப் போனேன்.

உங்களை வீட்டுக்குள் வைத்திருக்கவில்லை. மாட்டுத் தொழுவத்தை ஒட்டிய தகரச் சாய்ப்பில் கயிற்றுக் கட்டில். தகரம் ஒழுகி, போர்வை ஈரமாக இருந்தது. நகம் வளர்ந்து வளைந்திருந்தது. முதுகைத் திருப்பிப் பார்த்தேன், புண். அதைப் பற்றிப் பேசத் தோன்றவில்லை. மதினி வாசலிலேயே நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு பேசினார்கள்.

"ஒரு நேரந்தான் சோறு குடுக்கேன். ரெண்டு நேரம் குடுத்தா யாரு அள்ளுதது? வாயி மட்டும் குறையல. என்னையே ஏட்டிங்கான், தூன்னு துப்புதான்."

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். மன்னிப்புக் கேட்பீர்கள் என்று எதிர்பார்த்துப் போனவள் இல்லை நான். ஆனாலும் நீங்கள் வாயைத் திறந்தபோது கட்டில் பக்கமாகக் குனிந்தேன்.

"தோட்டம் என்னாச்சு?" என்றீர்கள்.

அப்படியே திரும்பி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அன்பு என்று யாராவது சொன்னால் சிரிப்பேன். பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நிற்க, பானை காலியாகிவிடக் கூடாதே என்று பயந்து பயந்தே வேலை பார்த்தவள் நான். பசித்துக் கிடக்கும் ஆளைப் பார்த்துவிட்டு நடந்துபோக என் கால் பழகவில்லை. அவ்வளவுதான். உங்களைக் கோவில்பட்டிக்கு, நம் வீட்டுக்குக் கொண்டுவர ஒரு வேன் பிடித்தேன். போனில் எஸ்தர், "ஏம்மா?" என்றாள். "தெரியலட்டி" என்றேன்.

வீட்டுக்கு வந்து உங்களைக் குளிப்பாட்டி, புண்ணுக்கு மருந்து வைத்து, வயிறு நிறையச் சோறு கொடுத்தேன். கட்டிலை முன்னறையில் போட்டேன். அங்கிருந்து சாலைதான் தெரியும். நீங்கள் கையால் பின்னறையைக் காட்டினீர்கள்.

"ஜன்னல் பக்கம் போடு."

"அங்கன போட்டா ஆடு வரும்" என்றேன்.

நீங்கள் தலையைச் சாலைப் பக்கம் திருப்பிக்கொண்டீர்கள்.

சாயங்காலம் பின்னால் போய்ப் பார்த்தேன். வெண்டையும் சீனியவரையும் போனது போனதுதான். மிளகாய் நாற்றங்கால் சேறாகக் கிடந்தது. ஆனால் ஆடு கடித்துவிட்டுப் போன கத்தரிக் கட்டைகள் மழையில் கணுவுக்குக் கணு துளிர்த்திருந்தன. வேலிப்படலை யாரோ புது முள் வெட்டிப் போட்டு இறுக்கிக் கட்டியிருந்தார்கள். பேச்சிதான். நான் கேட்கவுமில்லை, அவள் சொல்லவுமில்லை. களை எடுத்தேன், மண் அணைத்தேன், ஆட்டு எரு போட்டேன். கார்த்திகைக் கடைசியில் பூ வந்தது. மார்கழியில் செடிக்குச் செடி காய் தொங்கியது.

நீங்கள் முன்னறையில் கிடந்து லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் கேட்பீர்கள். "களை எடுத்தியா? கத்தரி துளுத்துச்சா? பூச்சி விழுந்திருக்கா?" நான் உங்களைத் திருப்பிப் படுக்கவைப்பேன், புண்ணைத் துடைப்பேன், பவுடர் போடுவேன். பதில் மட்டும் கிடையாது. "ஒரு தடவ தூக்கிட்டுப் போய்க் காட்டேன்" என்று ஒரு முறை கேட்டீர்கள். அது கெஞ்சல். உங்கள் வாயிலிருந்து கெஞ்சல் வந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். போர்வையை இழுத்து மூடிவிட்டு உள்ளே போனேன்.

உங்கள் கடைசி வாரத்தில் ஒரு மதியம். கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு. பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தேன். அன்று காலையில் பறித்த காய். நீங்கள் மென்று விழுங்கிவிட்டு, "பேச்சி சொன்னா" என்றீர்கள்.

"என்ன சொன்னா?"

"கத்தரி காய்ச்சுத் தள்ளுதாம். போறப்பயும் வாரப்பயும் கேப்பேன். வேலிக்கு மேல எட்டிப் பாத்துட்டு வந்து சொல்லுவா."

கையில் சோற்று உருண்டையோடு உட்கார்ந்திருந்தேன். இத்தனை நாளும், நான் பின்னால் வேலையாக இருந்த நேரமெல்லாம், ஆடு மேய்க்கிறவளை ஜன்னலில் கூப்பிட்டு நிறுத்தி என் தோட்டத்தைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறீர்கள்.

"அவ எம் மொகத்துக்காவ ரெண்டு கூட்டித்தான் சொல்லுவா," என்றீர்கள். "நீ சொல்லு. நல்லா இருக்கா?"

தட்டில் இருந்த காயே சொல்லியிருக்கும். சந்தைக் காய்க்கும் அன்றே பறித்த காய்க்கும் வித்தியாசம் தெரியாத நாக்கா உங்களுடையது? உங்களுக்குத் தெரிந்துதான் இருந்தது. என் வாயால் வரவேண்டும், அவ்வளவுதான். உங்கள் கண்ணில் கேலி இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. சாப்பாட்டு வரிசையில் கடைசியில் நிற்கும் பிள்ளை பானையைப் பார்ப்பது போலப் பார்த்தீர்கள்.

மிச்சச் சோற்றை ஊட்டினேன். வாயைத் துடைத்தேன். தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டேன்.

தை பிறப்பதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள். முன்வாசல் வழியாகவே கொண்டுபோனார்கள். எஸ்தர் பிள்ளையோடு வந்து தெருவில் நின்றாள், உள்ளே வரவில்லை. அடக்கம் முடிந்து எல்லோரும் போன பிறகுதான் வீட்டுக்குள் வந்தாள். தோட்டத்தைச் சுற்றி நடந்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நடந்ததையெல்லாம் அவளிடம் சொன்னேன்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்மா" என்றாள்.

"நீயாட்டி இதச் சொல்லுத?"

"நாந்தான் சொல்லுதேன்."

வருந்துகிறேனா என்று எனக்குள் கிளறிப் பார்த்திருக்கிறேன். அப்படி ஒன்றும் தட்டுப்படவில்லை. நான் சொல்லியிருந்தால் நீங்கள் அதிலும் ஒரு குறை கண்டுபிடித்திருப்பீர்கள். எரு கூடிப்போச்சு என்றிருப்பீர்கள். இல்லை, ஒன்றும் சொல்லாமல் கண்ணை மூடிக்கொண்டிருப்பீர்கள். எது நடந்திருக்கும் என்பது எனக்கு இனித் தெரியப்போவதில்லை. அதை மட்டும் நீங்கள் என்னிடம் விட்டுவிட்டுப் போய்விட்டீர்கள். விடிந்ததும் பாத்திகளுக்கு நடுவே குனிந்து நடக்கையில் அந்தக் கேள்வி கூடவே வருகிறது. நீ சொல்லு, நல்லா இருக்கா? ஒவ்வொரு செடியிடமும் நின்று கேட்கிறது. எனக்குப் பதில் தெரியும். நீங்கள் எழுந்து வந்து நேருக்கு நேர் நின்று கேட்டாலும் சொல்ல மாட்டேன்.